குடிக்காத பீடியை விட்ட நாற்பத்து மூவர்

மனித குலத்தின் முதல் மாபெரும் சாதனை நெருப்பைக் கண்டுபிடித்தது. இரண்டாவது மாபெரும் சாதனை, அந்த நெருப்பைச் சிகரெட் நுனியில் வைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. முதலாவதைச் செய்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டாவதைச் செய்தவன் நான். இதற்கு ஆதாரமாக எங்கள் கம்பெனி வாசலில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் மூன்று வாரம் தொங்கியது. அதில் என் முகம் இருந்தது. முகத்தில் இருந்த பருக்களை அச்சகத்துக்காரர் இலவசமாக நீக்கிக் கொடுத்தார்.

பெயர் முகம்மது நூகு. வயது நாற்பத்து நான்கு. ஊர் விருதுநகர். ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசிப் பக்கம் போனால் கரிசல் காட்டுக்குள் இருக்கும் விண்மாலை பட்டாசுத் தொழிலகத்தில் நான் ‘நல அலுவலர்’. தொழிலாளர்களைப் பார்த்து ‘நலமா?’ என்று கேட்பது என் வேலை. அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுவதும் என் வேலைதான். பதினோரு வருடமாக இரண்டையும் குறைவில்லாமல் செய்துவந்தேன்.

எங்கள் எம்.டி. எழில் அவர்கள் வெளிநாட்டில் இரண்டு வருடம் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். இளைஞர், தங்கமானவர். அவர் கையில் ஒரு கடிகாரம் உண்டு. முந்தின இரவு அவர் நன்றாகத் தூங்கினாரா இல்லையா என்று காலையில் அதுதான் அவருக்குச் சொல்லும். அது சொல்லும்வரை அவருக்கே தெரியாது. அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, வரலாற்றில் இடம்பெறப்போகும் அந்தக் கூட்டத்தை நடத்தினார். கூட்டத்தில் நாங்கள் இருவர்தான்.

“நூகு சார், நம்ம கம்பெனியைப் ‘புகையில்லா வளாகம்’னு அறிவிக்கப் போறோம். அதுக்கு ஒரு விருது இருக்கு.”

“சார், இது பட்டாசுக் கம்பெனி. உள்ளே யாரும் புகைக்கிறதில்லை. புகைச்சா வளாகமே இருக்காது.”

“அது பயத்துல புகைக்காம இருக்கிறது. நான் சொல்றது மனசு மாறிப் புகைக்காம இருக்கிறது. விருது ரெண்டாவதுக்குத்தான் தர்றாங்க.”

அந்த நுட்பமான வேறுபாடு எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

“எத்தனை பேர் விட்டாங்கன்னு எண்ணிக்கை கேக்கிறாங்க” என்றவர், என் சட்டைப்பையைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்தது வெளியே தெரிந்தது. “முன்மாதிரியா முதல்ல நீங்க விடுங்க.”

இருபத்திரண்டு வருடமாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு சிகரெட். மனைவி குல்சார் பேகம் அழுது பார்த்தாள், என் மாமனார் காரியாபட்டியிலிருந்து ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தார், மகள் ருமானா நுரையீரல் படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அசையாதவன், எம்.டி. ஒரு தடவை சட்டைப்பையைப் பார்த்ததும் விட்டேன். நிர்வாகத் திறமை என்பது இதுதான்.

விட்ட மூன்றாம் நாள் மூக்கு நுனியில் ஒன்று முளைத்தது. நான்காம் நாள் அது தன் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் கன்னம், நெற்றி, தாடை எல்லாம் குடியேற்றம் முடிந்து, புதிதாக வந்தவை இடமில்லாமல் காதுக்குப் பின்னால் போயின. பதினாறு வயதில்கூட எனக்கு இப்படி ஒரு வாலிபம் வந்ததில்லை. ருமானா மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். முகப் பராமரிப்பு விஷயத்தில் அவள் சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம். அவள் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“அத்தா, பயப்படாதீங்க. உள்ள இருந்த அழுக்கெல்லாம் வெளிய வருது.”

“எம்புட்டு நாளைக்கு வரும்?”

“எம்புட்டு வருஷம் குடிச்சீங்களோ, அதைப் பொறுத்து.”

அடுப்படியிலிருந்து குல்சார் எட்டிப் பார்த்தாள். “இருபத்திரெண்டு வருஷ அழுக்கும் வெளிய வரணும்னா இவுக மூஞ்சி பத்தாதே. பக்கத்து வீட்டு மூஞ்சியையும் வாடகைக்கு எடுக்கணும்.”

மகள் ஒரு கண்ணாடிக் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக எதையோ விட்டாள். மனைவி வேப்பிலையை அரைத்து அதன் மேலேயே அப்பினாள். விஞ்ஞானமும் வேம்பும் என் முகத்தில் சந்தித்துச் சண்டை போட்டன. அந்தக் கோலத்தில் கதவைத் திறந்தபோது சந்தா வாங்க வந்த ஜமாத்துக்காரர் சந்தா வாங்காமலே போய்விட்டார்.

தூக்கம்? அதுவும் சிகரெட்டோடு போய்விட்டது. முதல் இரவு மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணியும் கூடவில்லை. புரண்டு புரண்டு படுத்ததில் குல்சாருக்கும் தூக்கம் கெட்டது.

“இங்கேருங்க, சும்மா முழிச்சுக்கிட்டுக் கெடக்கிறதுக்கு எந்திரிச்சுப் பூண்டாவது உரிங்க.”

உரித்தேன். நான்கு இரவில் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உரிக்காத பூண்டே இல்லை என்றாகிவிட்டது. எம்.டி. தினமும் காலையில் அன்போடு விசாரிப்பார்: “நேத்து எனக்குத் தூக்கம் எண்பத்திரெண்டு மார்க். உங்களுக்கு?”

“எனக்கு ரெண்டு கிலோ, சார்.”

சனிக்கிழமை தோறும் கம்பெனிக்கு ஒரு டாக்டர் வருவார். நல்ல மனிதர். என்னைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: “சிகரெட்டை விட்டா சில பேருக்கு இப்படி ஆகும். முகத்துல பரு வரும், தூக்கம் கெடும். உடம்பு பழகிக்கிற வரைக்கும்தான். நிறையத் தண்ணி குடிங்க, சாயங்காலம் காபி வேண்டாம், நடங்க. முகத்துல கண்டதையும் பூசாதீங்க. மூணு வாரத்துல குறைஞ்சிரும். குறையலைன்னா வேற காரணமான்னு பாக்கணும்.” இதைச் சுருக்கி ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். கடைசி வாக்கியத்துக்குச் சீட்டில் இடம் பத்தவில்லை. பிறகு மகள் கல்யாணத்துக்காக ஒரு மாதம் விடுப்பில் போய்விட்டார்.

பூண்டு தீர்ந்துபோனதால் மிச்ச இரவுகளில் நான் சுற்றறிக்கை எழுத ஆரம்பித்தேன். எங்கள் கம்பெனி வரலாற்றில் அதிகச் சுற்றறிக்கைகள் வெளியான வாரம் அதுதான். கழிப்பறை வாளிக்கு ஒன்று, குடையை மடிப்பதற்கு ஒன்று, சுற்றறிக்கையை வாசிக்கும் முறை பற்றி ஒன்று. ஒன்பதாம் நாள் அதிகாலையில் பதினான்காவது சுற்றறிக்கை பிறந்தது. டாக்டரின் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினேன்:

‘தோலில் பரு, தடிப்பு, அரிப்பு ஆகியவற்றுடன் தூக்கமின்மையும் உள்ள பணியாளர்கள் அனைவரும் புகைப்பழக்கத்தை விட்டவர்களாகக் கருதப்படுவர். அன்னார் நல அலுவலகத்தில் பெயர் பதிந்து, ஒரு தம்ளர் மோரும் நிர்வாகத்தின் பாராட்டும் பெற்றுக்கொள்ளலாம்.’

மறுநாள் காலை என் அறை வாசலில் நாற்பத்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

நாற்பத்து மூன்று பேரும் பெண்கள். நாற்பத்து மூன்று பேரும் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறைகளில் வேலை செய்கிறவர்கள். வெடிமருந்துப் பொடியை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வது. அந்த அறைகளில் காலையிலிருந்து மாலைவரை அலுமினியப் பொடியும் கந்தகமும் காற்றில் மிதக்கும். வேலை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளிப் பொம்மை மாதிரி மின்னுவார்கள். இந்த விவரத்துக்கும் அவர்களுடைய தோலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று தூங்காத மூளைக்கு எப்படித் தோன்றும்?

வரிசையில் முதலில் நின்றவர் அய்யம்மாள். நாற்பது வயதிருக்கும். இரண்டு கைகளையும் மேசை மேல் நீட்டினார். விரலிடுக்கெல்லாம் வெடித்து, புறங்கை தடித்து, கழுத்துவரை சிவந்திருந்தது.

“சார், ராத்திரி பூரா சொறிஞ்சு சொறிஞ்சு பொட்டுத் தூக்கம் இல்ல. ஒரு ரெண்டு மாசம் என்னைய பேக்கிங்குல போடுங்க. தூசி படாம இருந்தா ஆறிரும்.”

நான் படிவத்தைத் திறந்தேன். “எப்ப விட்டீங்க?”

“எதை சார்?”

“பீடியை.”

“நான் பீடியே குடிச்சதில்லையே.”

“குடிக்காம எப்படி விட்டீங்க?”

“நான் விடலையே சார்.”

“அப்ப இன்னும் குடிக்கிறீங்களா?”

அய்யம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பினார். “ஏத்தா வீரலட்சுமி, நான் பீடி குடிச்சு நீ பாத்திருக்கியா?”

“ஒம் புருசன்தான்க்கா குடிப்பாரு” என்றாள் பின்னால் நின்ற வீரலட்சுமி.

“அப்படிச் சொல்லுங்க! வீட்டுக்குள்ள புகை இருந்திருக்கு” என்று நான் பேனாவை எடுத்து, ‘மறைமுகமாக விட்டவர்’ என்று எழுதினேன். “எத்தனை வருஷப் பழக்கம்?”

“மருந்து ரூமுலயா? பதினெட்டு வருசமாச்சு சார்.”

பதினெட்டு என்று குறித்துக்கொண்டேன். பேக்கிங் மாற்றம் பற்றி அவர் மறுபடி கேட்டார். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. மருந்து அறையில் ஒரு கை குறைந்தால் ஒரு லோடு தாமதம். ஆகவே, “முதல்ல மோர் குடிங்க” என்றேன். நாற்பத்து மூன்று பேரும் மோர் குடித்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் விட்டவர்களானார்கள்.

செய்தி கேட்ட எம்.டி. நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். அவருடைய கடிகாரமே அவர் இதயத் துடிப்பு அதிகமாகிவிட்டதாக எச்சரித்தது. “பாத்தீங்களா நூகு சார்? நம்மகிட்ட புகைக்கிற பெண்களே இல்லைன்னுதான் நினைச்சிட்டிருந்தோம். எவ்வளவு தப்பு! நாற்பத்து மூணு பேர் இருந்திருக்காங்க. அவ்வளவு பேரும் விட்டும் இருக்காங்க!” ஒரே நாளில் இப்படிப் பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்த்தும்விட்ட நிர்வாகம் உலகில் வேறெங்கும் இருக்காது.

‘நான் விட்டுவிட்டேன்’ என்று அச்சடித்த பச்சை நிற பேட்ஜ் எல்லாருக்கும் குத்தப்பட்டது. பேனரில் என் முகத்துக்குக் கீழே அய்யம்மாளின் முகமும் ‘பதினெட்டு வருடப் பழக்கத்தை விட்டவர்’ என்ற வரியோடு சேர்க்கப்பட்டது. தன் பெண்டாட்டி பதினெட்டு வருடமாகப் பீடி குடித்த விஷயத்தை அவர் புருஷன் சோணைமுத்து பஸ்ஸில் போகும்போது அந்தப் பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். “எங்கிட்ட ஒரு கட்டு கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேனே, எதுக்கு ஒளிச்சுக் குடிச்ச?” என்று அவர் கேட்டதாகவும், அன்று வீட்டில் சோறு பொங்கவில்லை என்றும் கேள்வி. மல்லாங்கிணற்றில் இருக்கும் அய்யம்மாளின் சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஃபோன் செய்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அக்கறையாகச் சொன்னார்களாம். புகழ் வந்தால் கூடவே இதெல்லாம் வரத்தான் செய்யும்.

இதற்கிடையே என் உடல்நிலை அதிசயமாகத் தேறியது. பத்தாம் நாளுக்குப் பிறகு தூக்கம் வந்தது. பருக்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு போயின. மூன்றாம் வாரம் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அது வேம்பால்தான் என்றாள் குல்சார், குப்பியால்தான் என்றாள் ருமானா. என் மன உறுதியே காரணம் என்று நான் சொன்னேன். பத்தாம் நாள் என்ன நடந்தது என்பதை விரிவாக எழுத இங்கே இடம் போதாது.

அந்த நாற்பத்து மூவருக்கும் மட்டும் குணமாகவில்லை. தினமும் நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மருந்து அறைகளுக்குப் போவேன். ஓர் அறைக்கு நான்கு பேர். வாசலில் நின்று கூப்பிட்டால் கைகளை நீட்டுவார்கள். பார்த்துவிட்டு ‘குணமாகவில்லை’ என்று எழுதிக்கொண்டு வருவேன். வெடிப்பு ஆழமாகியிருந்தது. சிலருக்கு முகத்திலும் வந்திருந்தது. அழகுமீனா என்ற பெண் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையால் திறக்க முடியாமல் முழங்கையால் அழுத்திப் பிடித்துத் திறந்ததைப் பார்த்தேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எம்.டி. பதிவேட்டைப் புரட்டினார். “டேட்டா என்ன சொல்லுது நூகு சார்? டாக்டர் சீட்டுப்படி மூணு வாரம். உங்களுக்கு மூணு வாரத்துல சரியாயிடுச்சு. இவங்களுக்கு ஆகலை. அப்ப என்ன அர்த்தம்?”

“என்ன சார் அர்த்தம்?”

“திரும்பப் பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க!”

எனக்குப் புல்லரித்தது. இப்படி யோசிக்கத்தான் வெளிநாடு போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது.

உடனே சோதனை ஆரம்பமானது. வழக்கமாகவே எங்கள் கேட்டில் சோதனை உண்டு. ஆண்கள் காலையில் பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் வாட்ச்மேன் தனுஷ்கோடியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள், சாயங்காலம் வாங்கிக்கொள்வார்கள். அவர் ஒரு தகர டின்னில் பீடியையும் இன்னொன்றில் தீப்பெட்டியையும் போட்டுப் பூட்டி வைப்பார். இப்போது பெண்களின் தூக்குவாளி, சுருக்குப்பை, கொண்டை எல்லாம் மூன்று நாள் சோதிக்கப்பட்டன. ஒன்றும் கிடைக்கவில்லை. “அவ்வளவு சாமர்த்தியமா மறைக்கிறாங்க” என்று எம்.டி. வருத்தப்பட்டார்.

மெமோ அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த உரைநடை அதுதான் என்று இன்றும் சொல்வேன். தலா ஒன்று என்று நாற்பத்து மூன்று பிரதிகள் எடுத்து, பெயரை மட்டும் பேனாவால் நிரப்பினேன். ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை நீக்கம். சீசன் போனஸும் கிடையாது. அய்யம்மாளைக் கூப்பிட்டு முதல் பிரதியைக் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார்.

“சார், பதினெட்டு வருச வேலையத் தூக்கிருவீகளா?”

“விளக்கம் குடுங்க. ‘குடித்தேன், மன்னிக்கவும்’னு ஒரு வரி. நிர்வாகம் மன்னிச்சிடும்.”

“குடிக்காதத எப்படி சார் குடிச்சேன்னு எழுதிக் குடுக்கிறது? நாளைக்கு உள்ள ஏதாவது வெடிச்சா ‘இவதான் பீடி குடிச்சா, எழுதியே குடுத்திருக்கா’ன்னு சொல்ல மாட்டீகளா?”

பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு நான் கோப்பைத் திறந்து பார்ப்பது வழக்கம். கோப்பைத் திறந்தேன். அவர் போகவில்லை.

“இன்னொண்ணு கேக்கேன் சார். விட்டதுனாலதான் இந்தப் புண்ணு வந்துச்சுன்னா, திரும்பப் பிடிச்சா ஆறணும்ல?”

“லாஜிக்படி… ஆறத்தான் செய்யணும்” என்றேன்.

“சரி சார்” என்று மெமோவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மறுநாள்தான் விருதுக் குழு வருவதாக இருந்தது. மாலை நான்கு மணிக்கு. வாசலில் கோலம், வாழை மரம், ஒரு குத்துவிளக்கு. பாதுகாப்புக் கருதி அதில் எண்ணெய் மட்டும் ஊற்றித் திரி போடாமல் வைத்திருந்தோம். மூன்று மணிக்கு எம்.டி. அறையில் நான் வரவேற்புரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது தனுஷ்கோடி ஓடிவந்தார்.

“சார், வெளிய வந்து பாருங்க. எல்லாரும் வாயில வச்சிருக்காக.”

வெளியே வந்தோம். அலுவலகத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கும் முற்றத்தில் நாற்பத்து மூன்று பெண்களும் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சில் பச்சை பேட்ஜ். ஒவ்வொருவர் வாயிலும் பற்றவைக்காத ஒரு பீடி. சிலர் தலைகீழாக வைத்திருந்தார்கள். வீரலட்சுமி நூல் கட்டிய பக்கத்தைக் கடித்துக்கொண்டே சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

“ஏது இத்தனை பீடி?” என்று எம்.டி. அலறினார்.

“என் டின்னுல இருந்துதான் சார்” என்றார் தனுஷ்கோடி. “கம்பெனி வைத்தியம், நூகு சாரே ஆறும்னு சொன்னாருன்னு கேட்டாக. வைத்தியத்தத் தடுக்கலாமா? ஆம்பளைகளும் எடுத்துக்கிடட்டும்னுட்டாங்க. தீப்பெட்டி டின்ன மட்டும் நான் தரல.”

அய்யம்மாள் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “சார், விட்டதுல வந்த நோவு பிடிச்சாத்தான் போகும்னா, நாங்க பிடிக்கோம். ஆனா வீட்டுல பிடிச்சா ஆறாது. எங்களுக்கு அரிப்பு வாறது மருந்து ரூமுலதான். அங்கன உக்காந்துதான் பிடிக்கணும். நெருப்பு மட்டும் குடுங்க.”

எம்.டி.யின் முகம் வேப்பிலை அரைத்த நிறத்துக்கு வந்தது. நான்கு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

“மருந்து ரூமுக்குள்ளயா? வெளையாடுறீங்களா? பீடிக்கும் உங்க கைக்கும் என்ன சம்பந்தம்? அது அலுமினியத் தூசியால வர்றது! கந்தகத்தால வர்றது! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!”

அன்று பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வளாகத்தில் மருத்துவ விஞ்ஞானம் இவ்வாறு முன்னேறியது. நாற்பத்து மூவரும் பீடியைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஓ, அப்படிங்களா” என்றார்கள்.

சொன்னது என்ன என்று எம்.டி.க்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. சமாளிக்க முயன்றார். “எப்படி இருந்தாலும் நெருப்புக்கு வழியில்லை. இந்த வளாகத்துல ஒரு தீக்குச்சி கிடையாது. அதுக்குத்தான் விருது!”

“இருக்கு சார்” என்றார் அய்யம்மாள். “நூகு சார் சட்டைப்பையில.”

நான் சட்டைப்பையை மூடிக்கொண்டேன். அப்படி மூடியிருக்கக் கூடாது.

“விட்ட பத்தாம் நாளு, ஆமத்தூர் டீக்கடைக்குப் பின்னால. எங்க கம்பெனி பஸ்ஸு அங்கனதான் ஆள் ஏத்த நிக்கும். ஜன்னல்ல அம்புட்டுப் பேரும் பாத்தோம். பதினோராம் நாளும் பாத்தோம். நேத்தும் பாத்தோம்.”

எம்.டி. என்னைப் பார்த்தார். “ஏன் என்கிட்ட யாருமே சொல்லலை?”

“என்னத்தச் சொல்ல? மூஞ்சியெல்லாம் வெடிச்சு, தூக்கமில்லாமக் கண்ணு செவந்து கெடந்தாரு. ராத்திரி தூக்கம் வராதது எம்புட்டுக் கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும்ல சார். பாவம், அவராவது தூங்கட்டும்னு விட்டுட்டோம்.”

இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கதையில் நான் கேலியில்லாமல் சொல்லும் வாக்கியம் இது ஒன்றுதான்.

தனுஷ்கோடி பக்கத்தில் வந்து, “சார், கையத் தூக்குங்க” என்றார். அதிகாரிகளைக் கேட்டில் சோதிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. மோட்டார் பைக்கில் வருகிறவர்களுக்கு சல்யூட்தான், சோதனை கிடையாது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கையைத் தூக்கினேன். ஏழு சிகரெட் இருந்த பெட்டி ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி வந்தது.

தீப்பெட்டியைக் கண்டதும் அந்தப் பெண்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்டுப் பக்கமாகப் பத்தடி விலகி நின்றார்கள். அவர்கள் சேலையிலும் முடியிலும் காலையிலிருந்து படிந்த மருந்து மின்னிக்கொண்டிருந்தது. அழகுமீனா கேட்டோரம் இருந்த தண்ணீர் வாளியை முன்னால் தள்ளி வைத்தாள். தனுஷ்கோடி தீப்பெட்டியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டுபோய் வாளிக்குள் போட்டு அமுக்கினார். நானும் எம்.டி.யும்தான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றோம்.

“உள்ள கொளுத்த நாங்க என்ன கிறுக்கச்சிகளா சார்?” என்றார் அய்யம்மாள். “நெருப்பு யாருகிட்ட இருக்குன்னு நீங்க பாக்கணும்ல. அதுக்குத்தான் கேட்டோம்.”

எம்.டி. தன் கடிகாரத்தைப் பார்த்தார். அது எதுவும் சொல்லவில்லை. “நூகு சார், அப்ப உங்க முகம் சரியானது…?”

“பத்தாம் நாளுக்கு அப்புறம்தான் சார்.”

“இவங்களுக்கு மூணு வாரம்னு நாம கணக்குப் போட்டது…?”

“என் முகத்தை வச்சுத்தான் சார்.”

சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் விருதுக் குழுவின் கார் ஹாரன் அடித்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் மின்னல் வேகம். மருந்து அறையில் வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை, குளிக்கத் தண்ணீரும் சோப்பும், மாதத்தில் பத்து நாள் சுழற்சி முறையில் பேக்கிங் வேலை. புண் ஆறும்வரை அய்யம்மாளும் அழகுமீனாவும் நேராகப் பேக்கிங்குக்கு. இத்தனையும் விருது விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு, எம்.டி. கையெழுத்தும் தேதியும் போட்டார். பிறகு பெண்களிடமிருந்து மெமோக்களைக் கேட்டு வாங்கித் தானே கிழிக்க ஆரம்பித்தார். நாற்பத்திரண்டைக் கிழித்துவிட்டு, கடைசிப் பிரதிக்குக் கை நீட்டினார். அய்யம்மாள் கொடுக்கவில்லை.

“இத மட்டும் கிழிக்காதீக சார். நல்லா எழுதியிருக்காரு. பேர மட்டும் மாத்துனாப் போதும்.”

இடுப்பிலிருந்து எடுத்துப் பிரித்து என்னிடம் நீட்டினார். வெடித்திருந்த விரல்களால் காகிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். நான் வாங்கி என் உரைநடையை நானே வாசித்தேன்:

‘பட்டாசு ஆலை வளாகத்துக்குள் புகைப்பொருளும் தீப்பெட்டியும் மறைத்துக் கொண்டுவந்து, அவற்றுடன் மருந்து அறைகளில் நடமாடி, உடன் பணிபுரியும் பெண்கள் அனைவரின் உயிருக்குத் தாங்கள் ஆபத்து விளைவித்தது ஐயத்துக்கிடமின்றித் தெரியவருகிறது.’

ஒவ்வொரு நாளும் பதிவேட்டோடு அந்த அறைகளின் வாசலில் நான் போய் நின்றதும், அவர்கள் கையை நீட்டியதும், சட்டைப்பையில் அது இருந்ததும் நினைவுக்கு வந்தன. வரவேற்பு மேசை மேல் காகிதத்தை வைத்து அய்யம்மாள் என்ற பெயரை அடித்துவிட்டு, மேலே முகம்மது நூகு என்று எழுதினேன். வேறு ஒரு சொல்லையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.